லாபமும் ஒன்றுதான்

1984 மாசியில், தாய் செத்து முப்பத்தோராம் நாள் அந்திரட்டிச் சடங்கு முடிந்து சனம் கலைந்த அன்று பின்னேரம், ஏழாலை ஞானாம்பிகையின் கால்கள் நிலத்தை விட்டு ஒரு சாண் உயரம் கிளம்பின, பிறகு இறங்கவில்லை. முந்தின வருசம் ஆடிக் கலவரத்தில் கொழும்புக் கந்தோர் வேலையை விட்டு யாழ்ப்பாணத்துக்கு அகதிக் கப்பலில் வந்து இறங்கியவள். தமையன்மார் ஒருவர் லண்டனில், மற்றவர் கனடாவில். முப்பத்திரண்டு வயது, தனி வீடு. வேறு என்னதான் நடக்கும் என்று ஊர் கேட்டது. பக்கத்து வீட்டு நல்லம்மா, எட்டாத கொப்பில் முருங்கைக்காய் பிடுங்க ஆள் கிடைத்துவிட்டது என்று தன் கொக்கத்தடியை முறித்து அடுப்பில் வைத்தாள். ஞானாம்பிகை பாரத்துக்கு அம்மிக்குழவியை மடியில் கட்டிக்கொண்டு நடமாடப் பழகினாள். அப்பவும் நாலு விரல் இடைவெளி இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஒருவரும் அவளைக் கேலி பண்ணவில்லை. ஒருவரும் அவளோடு இருந்து கதைக்கவும் இல்லை.

பள்ளிக்கூடங்கள் அடிக்கடி பூட்டிக் கிடந்ததால், பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடியவர்கள் பெயர் தரவும் என்று 1988இல் சனசமூக நிலையத்தில் ஒரு கடதாசி ஒட்டினார்கள். பெயர் கொடுத்தது அவள் ஒருத்திதான். வந்ததும் ஒரு பிள்ளைதான்: எட்டாம் வகுப்புப் பத்மாவதி, சுன்னாகம் சந்தையில் நெல் அளக்கிற மார்க்கண்டுவின் மகள். இரண்டு தவணையும் கணக்கில் கோட்டை விட்டவள். மூன்றாம் தவணையும் விட்டால் படிப்பை நிறுத்தி வெங்காயத் தோட்டத்துக்கு அனுப்புவேன் என்று தகப்பன் சொல்லிவிட்டான். முதல்நாள் பாயில் இருந்து கொப்பியை விரித்து, "அக்கா, இது விளங்கேல்லை," என்று பிள்ளை கேட்டதும் ஞானாம்பிகையின் குதிக்கால் தரையில் பட்டது. நாலு வருசத்துக்குப் பிறகு. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பிள்ளை போனதும் மறுபடி கிளம்பினாள்.

பிழை இரண்டாம் கிழமையே பிடிபட்டது. நெல் அளக்கிறவர்கள் முதல் கொத்து அளவை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்று தொடங்கி இரண்டு, மூன்று என்று போவார்கள். சாக்குகளுக்குள் வளர்ந்த பிள்ளை, லாபம் சாமிக்கு, அது கணக்கில் சேராது என்று நினைத்துவிட்டது. முதல் விரலை லாபம் என்று விட்டுவிட்டு அடுத்த விரலில்தான் ஒன்று தொடங்கும். எந்த விடையிலும் ஒன்று குறைந்தது. திருத்த ஒரு நிமிசம் போதும். திருத்தினால் பிள்ளை பாஸ். பிறகு ஏன் வரப்போகிறது? ஞானாம்பிகை பத்தொன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பத்தொன்பது நாளும் நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை நிலத்தில் நடந்தாள், சந்தோசமாக இருந்தாள், தன்னைத் தானே திட்டிக்கொண்டும் இருந்தாள். இருபதாம் நாள் பிள்ளை நகமெல்லாம் மண்ணோடு வந்தது. அப்பா இப்பவே புல்லுப் பிடுங்கப் பழக்கிறார் என்றது.

"லாபமும் ஒண்டுதான், பிள்ளை. அதையும் சேர்த்துத்தான் எண்ண வேணும்."

பத்மாவதி எண்பத்தொரு புள்ளி எடுத்தாள். மார்க்கண்டு ஒரு சீப்புக் கதலிப்பழம் கொண்டுவந்து கொடுத்து, இனிப் பிள்ளைக்கு ரியூசன் தேவையில்லை என்று நன்றியோடு சொல்லிப்போனான். அதற்குப் பிறகு அம்மிக்குழவி தாங்கவில்லை. மாதம் ஒரு சாணாக உயர்ந்து, அடுத்த வருசம் நல்லூர்க் கொடியேற்றத்துக்குக் கூரை வளைமரத்தில் போய் முட்டினாள். ஆறு வருசம் அங்கேதான். நல்லம்மா புதுசாக ஒரு கொக்கத்தடி கட்டி, சோற்றுப் பொட்டலத்தை அதில் மேலே நீட்டினாள்.

1995 ஒக்டோபர் முப்பதாம் திகதி ஆமி வருகிறது என்று வலிகாமத்துச் சனம் முழுக்க மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது. நடக்கமாட்டாத புருசனைத் தூக்குகிற அவதியில் நல்லம்மா அவளை மறந்து போனாள். பிழை சொல்ல ஏலாது. தெரு ஓய்ந்த பிறகு முற்றத்தில் சைக்கிள் மணி கேட்டது. இருபது வயதுப் பத்மாவதி கிணற்றுத் துலாக்கயிற்றை மேலே எறிந்து, இடுப்பில் கட்டச் சொல்லி, மற்ற நுனியைச் சைக்கிள் கரியரில் முடிந்து தள்ளிக்கொண்டு போனாள். தாயும் தகப்பனும் பின்னால். நாவற்குழிப் பாலத்தில் ஐந்து மணித்தியாலம் நெரிசல். தலைக்கு மேல் ஒரு மனுசி மிதந்ததை ஆரும் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் மூட்டை.

சாவகச்சேரிக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிப் பதிவு. எழுதுகிறவர் நிமிராமல், குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டார். மார்க்கண்டு மூன்று என்று சொல்ல வாயெடுத்தான். பத்மாவதி கையை மேலே நீட்டித் தொடங்கினாள்.

"லாபம். இரண்டு, மூண்டு, நாலு."

ஞானாம்பிகை சேற்றில் இறங்கி நின்றாள். எழுதுகிறவர் நாலு என்று எழுதி, நாலு பேருக்கும் சேர்த்து ஒரு பாய் கொடுத்தார். துலாக்கயிறு உடுப்புக் காயப்போட உதவியது.