மஞ்சூரில் கட்டாத விடுதி

செய்தி வந்தபோது நஸீமா தன் கணவரின் குடைக் கடையில் உட்கார்ந்து, சேறு அப்பிய பூட்ஸைப் பழைய செய்தித்தாளால் துடைத்துக்கொண்டிருந்தார். ஊட்டி மார்க்கெட்டுக்குப் பின்புறம் இருக்கும் சின்னக் கடை அது. குடையும் மழைக்கோட்டும் ஸ்வெட்டரும் கூரையிலிருந்து தொங்கும். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அங்கே நின்று ஒரு டீ குடிப்பது அவர் வழக்கம்.

மண் பார்ப்பதுதான் நஸீமாவின் வேலை. சிவில் படித்து, மண் பொறியியலில் மேற்படிப்பும் முடித்தவர். கட்டடம் வரப்போகும் இடத்தில் குழாய் இறக்கி, அடியில் என்ன மண் இருக்கிறது, எவ்வளவு பாரம் தாங்கும், தண்ணீர் எந்தப் பக்கமாக நகர்கிறது என்று சோதித்து எழுதிக் கொடுப்பார். பிறகு அங்கே அஸ்திவாரம் எழும்பும். அவர் வந்துபோன சுவடே இருக்காது. அதைப் பற்றி அவருக்குக் குறையொன்றும் இருந்ததில்லை.

போனில் பேசியவர் கமலேஷ். குன்னூரில் அலுவலகம் வைத்திருக்கும் கட்டடக் கலைஞர். பல வருடங்களாக நஸீமாவோடு சேர்ந்து வேலை பார்ப்பவர்.

"அக்கா, சங்கத்துல முடிவாயிருச்சுங்க. இந்த வருசம் உங்களுக்குத்தான்."

மலையில் தொழில் செய்யும் கட்டடக் கலைஞர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. தங்கள் துறையைச் சேராத, ஆனால் தங்கள் துறைக்குத் தோள் கொடுத்த ஒருவரை வருடத்துக்கு ஒருமுறை மேடையேற்றிப் பாராட்டுவார்கள். போன முறை ஒரு தச்சருக்குக் கொடுத்தார்கள். தன் பெயரைக் கமலேஷ் சொல்லியிருப்பார் என்று நஸீமா நினைக்கவே இல்லை.

"எந்த பில்டிங்குக்குங்க?"

கமலேஷ் கொஞ்சம் தயங்கினார். "மஞ்சூர் ஹாஸ்டலுக்கு."

"இப்ப ஹாஸ்டல் நடக்குதே, அந்த குடோனுக்கா?"

"இல்லீங்கக்கா. கட்டாம விட்டமே, அதுக்கு."

நஸீமா பூட்ஸைக் கீழே வைத்தார். "வேண்டாம் கமலேஷ். வேற யாருக்காச்சும் குடுத்துருங்க."

அவர் போனை வைத்ததும், கல்லாவில் இருந்த நூருல்லா திரும்பிப் பார்த்தார். "ஏன் வேண்டாங்கற? நானும் இத்தன வருசமா குட விக்கறேன், ஒருத்தன் ஒரு மாலை போட்டதில்ல. உனக்குத் தேடி வருது, தள்ளி உடற."

"அந்த மல இன்னும் அப்படியேதாங்க நிக்குது. நான் சொன்னது சரிதானான்னு எனக்கே தெரியாது. என்னன்னு சொல்லிப் போய் வாங்கறது?"

"சரிஞ்சாத்தான் வாங்குவியா?"

"சரியவே கூடாதுன்னுதான் துவா கேக்கறேன். ஆனா அது சரியாம நிக்கற ஒவ்வொரு மழைக்கும் கெஸியா டீச்சருக்கு எம்மேல இருக்கற கோவம் ஏறுது. அதான் கஷ்டம்."

கெஸியா, மஞ்சூர் பக்கம் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் போகாத எஸ்டேட்டுகளில் இருக்கும் பெண்பிள்ளைகள் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிடுவதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், அவர்களுக்கு ஒரு விடுதி கட்ட ஒரு டிரஸ்ட்டைத் தொடங்கினார். ஒரு குடும்பம் சாலைக்குக் கீழே இருந்த சரிவு நிலத்தைக் கொடுத்தது. கமலேஷ் அதற்கு ஒரு வரைபடம் போட்டார். சரிவோடு சரிவாக மூன்று படிகளாக இறங்கும் கட்டடம். ஒவ்வொரு கட்டிலுக்கும் குந்தா பள்ளத்தாக்கைப் பார்த்த ஒரு ஜன்னல். தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் பிறந்த பிள்ளைகள் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து படிப்பார்கள் என்று கெஸியா எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

அதன் பிறகுதான் நஸீமாவைக் கூப்பிட்டார்கள். அவரிடம் வேலை செய்யும் கருப்புசாமியும் ஆறுக்குட்டியும் இயந்திரத்தைப் பிரித்துத் தோளில் சுமந்து சரிவில் இறக்கினார்கள். தோண்டத் தோண்ட வந்தது மலையின் சொந்த மண்ணே இல்லை. எப்போதோ சாலை வெட்டியபோது கொட்டிய மண். அதற்கு அடியில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் களிமண். மழை ஓய்ந்து வெகு நாளான ஜனவரி மாதத்தில்கூட, போட்ட துளையில் தண்ணீர் ஊறி மேலே வந்து நின்றது. இங்கே கட்ட வேண்டாம் என்று நஸீமா எழுதினார்.

கோவையிலிருந்து வந்த இன்னொரு பொறியாளர், தடுப்புச் சுவர் எழுப்பி, அஸ்திவாரத்தை ஆழமாகப் போட்டால் கட்டலாம் என்றார். டிரஸ்ட் கூட்டத்தில் நஸீமா அதை மறுக்கவில்லை.

"கட்டலாமுங்க டீச்சர். ஆனா அந்தச் செவுத்துக்குப் பின்னால இருக்கற வடிகால் அடைச்சுக்காம வருசா வருசம் பாத்துக்கோணும். நீங்களும் நானும் போனப்பறம் அத யாருங்க பாப்பா? கீழ் வரிசைல படுத்திருக்கறது ஒம்பதாவது படிக்கற புள்ளைங்க."

கெஸியா எழுந்து வெளியே போய்விட்டார். கமலேஷும் ஒரு வாரம் நஸீமாவின் போனை எடுக்கவில்லை. பிறகு அவரே டிரஸ்ட்டுக்குப் போய், அந்த இடத்துக்குத் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்று சொன்னார். நிலம் கொடுத்த குடும்பம் மனம் கசந்து விலகியது. கடைசியில் மஞ்சூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மூடிப்போன டீ ஃபேக்டரி ஒன்றின் குடோன் கிடைத்தது. கமலேஷ் அதை விடுதியாக மாற்றிக் கொடுத்தார். திறப்பு விழாவுக்கு நஸீமாவுக்கு அழைப்பு வரவில்லை.

அன்று மாலை கமலேஷ் நேரிலேயே கடைக்கு வந்துவிட்டார். எவ்வளவு சொல்லியும் அவர் விடுவதாக இல்லை. "டீச்சரப் போய்ப் பாக்கறேன். அவங்க மனசு ஒத்துக்கிட்டா வாங்கிக்கறேன். இல்லைன்னா இந்தப் பேச்ச விட்டுறணும்" என்றார் நஸீமா.

சனிக்கிழமை காலை மஞ்சூர் பஸ் ஏறினார். வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் தேயிலைச் சரிவும் மேகமும் இடம் மாறி மாறி வந்தன. விடுதிக்குக் கொடுத்த அந்த நிலம் வந்ததும் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். இடுப்புயரப் புல்லில் இரண்டு மாடுகள் நின்றன. ஓரிடத்தில்கூட மண் பெயர்ந்திருக்கவில்லை.

விடுதியின் முன்னறையில் கெஸியா மட்டும் இருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில், கமலேஷ் வரைந்த அந்தப் பழைய படம் இன்னும் மாட்டியிருந்தது.

"வாங்க. உக்காருங்க," என்றார் கெஸியா. முகத்தில் சிரிப்பு இல்லை. "கமலேஷ் போன் பண்ணினாரு. எனக்குப் புடிக்கலைன்னு நேராவே சொல்லிட்டேன்."

"அதுக்குத்தாங்க வந்தேன்."

"அங்க ஒரு கல்லு உருண்டதில்லீங்க மேடம். போன வருசம் அவ்வளவு மழ, இந்த வருசமும் மழ. பஸ்ல போறப்பெல்லாம் நான் பாக்கறேன். மாடு மேயுது."

"நானும் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"அப்ப நீங்க சொன்னது தப்புதானே?"

"இருக்கலாமுங்க."

கெஸியா இதை எதிர்பார்க்கவில்லை. அவர் வாதம் செய்யத் தயாராக இருந்தார். இத்தனை காலமும் மனதில் அடுக்கி வைத்திருந்த பதில்களுக்கு இப்போது வேலை இல்லாமல் போயிற்று. "என்ன இருக்கலாம்?" என்றார்.

"அந்த மண்ணு இன்னும் அம்பது வருசம் அப்படியே நிக்கலாம் டீச்சர். மண்ணு முழுசா யாருகிட்டயும் சொல்றதில்ல. நான் பாத்தத வெச்சு, அங்க புள்ளைங்களப் படுக்க வெக்க எனக்குத் தைரியம் வரல. அவ்வளவுதாங்க. அதுல உங்க கனவு போச்சு. அத வெச்சு எனக்கு ஒரு பாராட்டுன்னா, நீங்க வேண்டாம்னு சொன்னா நான் வாங்கறதா இல்ல."

கெஸியா மேசையில் கிடந்த வருகைப் பதிவேட்டை மூடி வைத்தார். பிறகு எழுந்தார். "வந்ததுக்கு உள்ள ஒருதரம் பாத்துட்டுப் போங்க."

நஸீமா அந்தக் கட்டடத்தை உள்ளே வந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. குடோனின் உயரமான கூரையில் நீளவாக்கில் கண்ணாடி பதித்து வெளிச்சம் இறக்கியிருந்தார் கமலேஷ். அதன் கீழே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படிப்பு மேசை. சில பிள்ளைகள் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. "கிண்ணக்கொரை வண்டி வந்துருச்சுடி!" என்று ஒருத்தி கத்த, ஊருக்குப் போகும் இரண்டு பேர் பையோடு கதவுப் பக்கம் ஓடினார்கள். சமையலறையிலிருந்து பேச்சி என்ற வார்டன் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

கெஸியா டீயைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். "ஜூலைல பேஞ்சுதே, அப்ப கலெக்டர் லீவு விட்டுட்டாரு. ரோட்டுல அங்கங்க மரம் விழுந்து பஸ் இல்ல. பெத்தவங்க யாரும் வந்து கூட்டிட்டுப் போக முடியல. நானும் இவங்ககூடவே தங்கிட்டேன். எஸ்டேட்ல லைன் வீட்டுக்கு மேல மண்ணு வந்துருச்சுன்னு போன் மேல போன். புள்ளைங்க அழுதுச்சுங்க. இங்க ஒண்ணும் ஆகாது, எல்லாரும் படுங்கன்னு சொன்னேன். சொன்னப்பறம்தான் எனக்கே தோணுச்சு, எப்படி அவ்வளவு உறுதியாச் சொன்னேன்னு."

நஸீமா டம்ளரை மேசையில் வைத்தார்.

"அந்தச் சரிவுல கட்டியிருந்து, அது கல்லு மாதிரி நின்னிருந்தாலும், அன்னிக்கு என் வாயிலருந்து அந்த வார்த்த வந்திருக்காது." கெஸியா டீயை ஒரு வாய் குடித்தார். "ஆனா கோவம் போகல மேடம். அந்த ஜன்னலெல்லாம் நெனச்சா இன்னும் வயிறு எரியுது."

"எரியட்டுங்க டீச்சர். எனக்கும் அந்தப் படம் ரொம்பப் புடிக்கும்."

கெஸியா முதன்முறையாகச் சிரித்தார். "விழா என்னிக்கு?"

"அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம. குன்னூர்ல."

"எனக்கும் ஒரு சேர் போடச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. நூருல்லா கடையிலிருந்து ஒரு புது ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு, விலைச் சீட்டைப் பிய்க்க மறந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கமலேஷ் மேடையில் அந்த வரைபடத்தைத் திரையில் காட்டினார். பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னல்கள் வரிசை வரிசையாக விரிந்தபோது அரங்கில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"நான் வரைஞ்சதுலயே நல்ல டிராயிங் இதுதாங்க. இதக் கட்ட வேண்டாம்னு சொன்னவங்க இங்க உக்காந்திருக்காங்க. அப்ப அவங்கமேல எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல," என்று தொடங்கி, அந்தச் சரிவில் கண்டதையும், கையெழுத்துப் போட மறுத்த நாளையும் மறைக்காமல் சொன்னார். அடுத்து திரையில் வந்தது புல் மூடிய சரிவு.

பின்வரிசையில் ஒரு மூத்த உறுப்பினர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "கட்டாததுக்கெல்லாம் பாராட்டா? இனி நம்ம ஆபீஸ்ல பாதிப் பேருக்குக் குடுக்கலாம்."

சிலர் சிரித்தார்கள். நஸீமாவின் முகம் சுருங்கியது. அப்போது கெஸியா எழுந்து நின்றார். முப்பது வருடம் வகுப்பறையில் பேசிய குரல் அது. மைக் தேவைப்படவில்லை.

"நான்தாங்க அந்த ஹாஸ்டல நடத்தறவ. அங்க கட்ட முடியலைங்கற வருத்தம் இன்னிக்கும் எனக்கு இருக்கு. ஆனா மழ பேஞ்சா நான் தூங்கறேன். எம் புள்ளைங்களும் தூங்குது. அதுக்குப் பாராட்டலாமுங்கல்ல?"

யாரும் சிரிக்கவில்லை. முதலில் கை தட்டியது அந்த மூத்த உறுப்பினர்தான்.

நஸீமா மேடை ஏறினார். கேடயத்தை வாங்கிக்கொண்டு, அரங்கின் ஓரத்தில் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் நின்றிருந்த கருப்புசாமியையும் ஆறுக்குட்டியையும் மேடைக்குக் கூப்பிட்டார். "அந்தச் சரிவுல மிஷின எறக்கி ஏத்தினது இவங்க. இவங்க இல்லாம எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுங்க," என்று மட்டும் சொன்னார். மூன்று பேரும் கேடயத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்க, நூருல்லா போனில் படம் எடுத்தார். எல்லாப் படத்திலும் அவர் விரல் பாதி விழுந்திருந்தது.

சாப்பாட்டு வரிசையில் ஓர் இளம்பெண் நஸீமாவிடம் வந்து தன்னை ஃபர்ஹீன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள். கோத்தகிரியில் புதிதாக அலுவலகம் தொடங்கிய கட்டடக் கலைஞர். சிறு தேயிலை விவசாயிகள் சேர்ந்து ஒரு மருந்தகம் கட்டத் தன்னிடம் கேட்டிருக்கிறார்கள் என்றாள்.

"டிராயிங் அனுப்புங்க, பாக்கறேன்," என்றார் நஸீமா.

"இன்னும் ஒரு கோடுகூடப் போடல மேடம். நீங்க வந்து எடத்தப் பாத்தப்பறம்தான் ஆரம்பிக்கோணும்னு இருக்கேன்."

நஸீமா தட்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு பையிலிருந்து டைரியை எடுத்தார். "செவ்வாய்க்கெழம வர்றேங்க," என்றார்.

கோத்தகிரிக்கு வெளியே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது அந்த நிலம். கருப்புசாமியும் ஆறுக்குட்டியும் நான்கு இடத்தில் குழாய் இறக்கினார்கள். நான்கிலும் சீக்கிரமே பாறை தட்டியது. துளைகள் காய்ந்தே கிடந்தன. நஸீமா ஒவ்வொரு பிடி மண்ணையும் விரலில் நசுக்கிப் பார்த்தார், மேட்டுக்கு ஏறி ஓடை எங்கே திரும்புகிறது என்று பார்த்துவிட்டு வந்தார். ஃபர்ஹீன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"லேப்ல பாத்து எழுதித் தர்றேன். ஆனா எனக்குப் பட்டதச் சொல்றேன். நல்ல எடம். கட்டுங்க."

"நெசமாவா மேடம்?"

"நெசமாத்தான்."

ஃபர்ஹீன் அந்த நிலத்தை இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவளைப் போல ஒரு சுற்றுச் சுற்றினாள். நீள நீளமாக அடி வைத்து நடந்து, நின்று, திரும்பி, மறுபடி நடந்தாள். நஸீமா ஒரு கல்லில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தார்.

"மேடம், வாசல் எந்தப் பக்கம் வெக்கலாம்?"

"அது உங்க வேலைங்க."

சொல்லிவிட்டு அவர் பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றினார். குடிக்காமல் அதைக் கையில் பிடித்துக்கொண்டே எழுந்து அவள் பக்கமாக நடந்தார். "மழ எந்தப் பக்கமிருந்து அடிக்கும்னு மொதல்ல பாருங்க," என்றார். "அப்படி வாங்க, காட்டறேன்."