தானாக வருகிற சுடுதண்ணீர்

என் மகள் ஆரணி டென்மார்க்கிலிருந்து வந்தால் யாழ்ப்பாணம் டவுனில் ஹோட்டலில்தான் நிற்பாள். இதைச் சொன்னால் அளவெட்டியில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. மரியாதைக்கு வேலியைப் பார்ப்பார்கள். இவ்வளவு பெரிய வீடு, அதற்குள் இரண்டு கிழடுகள், பெற்ற பிள்ளை வாடகை அறையில். என்ன சண்டையாக இருக்கும் என்று ஊர் தன் பாட்டில் ஒரு கதை கட்டிவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டையாக இருந்திருந்தால் நான் எப்போதோ சத்தம் போட்டு வென்றிருப்பேன்.

அவளுக்கு முடக்குவாதம். கை இப்படி ஆகும்வரை, அங்கே வயோதிபர் இல்லத்தில் முன்பின் தெரியாத கிழவர்களைக் குளிப்பாட்டுகிற வேலைதான் செய்தாள். இப்போது காலையில் எழும்பினால் அவளுடைய விரல்களே மடங்காது. நல்ல சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றால்தான் அன்றைக்கு ஒரு சட்டைப் பொத்தானாவது பூட்ட முடியும். போன முறை வந்தபோது என் மனைவி குணலட்சுமி வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கத்து அடுப்பில் பெரிய கிடாரம் வைத்து, விறகு எரித்து, வாளி வாளியாகக் குளியலறைக்குக் காவினாள். ஒருநாள் வழுக்கி, கொதிதண்ணீர் முழுவதும் காலில் ஊற்றுப்பட்டது. தெல்லிப்பழை ஆசுபத்திரியில் கட்டுப்போட்டுக் கூட்டிவந்து தாயைக் கட்டிலில் படுக்கவைத்த கையோடு ஆரணி ஹோட்டலுக்குப் போகத் தன் சூட்கேசை அடுக்கினாள்.

"எனக்காண்டி நீங்கள் படுற பாட்டை என்னாலை பாத்துக்கொண்டிருக்கேலாது அம்மா. குழாயைத் திறந்தால் சுடுதண்ணி தானா வாற வீடெண்டால் நிப்பன்" என்றாள்.

தானாக வருகிற சுடுதண்ணீர். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். இந்த மார்கழிக்கு அவள் வருகிறாள் என்றதும் காஸில் வேலைசெய்கிற ஹீற்றர் ஒன்று வாங்கினேன். கரண்டில் ஓடுவது நல்லதுதான். ஆனால் இந்த வீட்டு வயர் அதைத் தாங்காது என்று வயரிங் செய்கிறவர் கையை விரித்துவிட்டார். ஹீற்றரைப் பூட்டுவதற்கு இளவாலையிலிருந்து ஜெரிசன் வந்தான். வந்தவுடனேயே சிலிண்டர் எங்கே என்று தேடினான்.

நாட்டில் காஸ் சிலிண்டர்கள் வெடித்துக்கொண்டிருந்த காலத்தில் மனைவி குணம் எங்களுடையதை வீட்டை விட்டுத் துரத்தியிருந்தாள். அன்றிலிருந்து அது கிணற்றடிப் பக்கம் தனிக்குடித்தனம். அங்கிருந்து ஒரு குழாய் குசினி அடுப்புக்கு வருகிறது. ஜெரிசன் அதிலேயே இன்னொரு கிளை பிரித்து, வீட்டைச் சுற்றிக் குளியலறைக்குக் கொண்டுபோனான். எல்லாம் பூட்டி முடித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ஐயா, ஒரு சிலிண்டர். குழாயும் கனக்க நீளம். அடுப்பையும் ஹீற்றரையும் ஒண்டாப் பத்தவைச்சால் பிறஷர் காணாது, ஹீற்றர் நிண்டிடும். காஸ் குறையக் குறைய இன்னும் மோசம். வேறை ஒரு சிலிண்டர் எடுங்கோ."

எடுக்கிறதாம். சந்திக் கடையில் வெறும் சிலிண்டரைக் கொண்டுபோனால் நிரம்பியதை மாற்றித் தருவார்கள். புதிதாக ஒன்று என்றதும், தை பிறக்கட்டும் பார்ப்போம் என்றார்கள். அயலில் இரவல் கேட்டேன். எங்கள் சனம் நகையை இரவல் தரும், சிலிண்டரைத் தராது.

"உதுக்கேன் இவ்வளவு கதை? அவள் குளிக்கேக்கை நான் அடுப்பை நூர்க்கிறன்" என்றாள் குணம்.

ஆரணி வந்தாள். அறைக்குள் சூட்கேசை வைத்தாள், ஆனால் திறக்கவில்லை. குளித்துப் பார்த்துவிட்டுத் திறக்கலாம் என்று இருக்கிறாள் என்பது எனக்கு விளங்கியது. அடுத்தநாள் காலை குளியலறைக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. "அப்பா, நல்ல சூடு" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். அவளுடைய கலியாணத்தன்றுகூட நான் அவ்வளவு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் போட்டாள். தண்ணீர் ஒரேயடியாகக் குளிர்ந்துவிட்டது. துவாயைச் சுற்றிக்கொண்டு, விரல்கள் விறைத்துப்போய், பல் கிடுகிடுக்க வெளியே வந்தாள். எதிரே குணம் நின்றாள், கையில் ஆவி பறக்கிற தேத்தண்ணீரோடு.

நான் குணத்தைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் குரலை அடக்கிக்கொண்டு ஏசினேன்.

"குளிச்சுப்போட்டு வாற பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணி வேண்டாமே?" என்றாள்.

காற்றடித்து ஹீற்றர் நூர்ந்து அணைந்துபோனது என்று ஆரணியிடம் ஒரு பொய் சொன்னேன். குணம் தன் பங்குக்கு ஒரு முடிவெடுத்தாள்: இனி காஸ் அடுப்பில் கை வைப்பதில்லை. காஸ் முழுவதும் பிள்ளையின் தண்ணீருக்கு. சமையல் எல்லாம் கோடிப்பக்கத்துத் தகரக் கொட்டிலில், விறகில். அது ஆரணிக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அன்றைக்கே போய்விடுவாள். அதனால் எனக்கும் ஒரு உத்தியோகம் தந்தாள். மகள் பின்பக்கம் போகப் பார்த்தால் நான் இரும வேண்டும். இருமல் கேட்டதும் குணம் அடுப்படியை விட்டு ஓடிவந்து, குசினிக்குள் இருந்து வருகிற மாதிரி வருவாள். இந்த வயதில் எனக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள்.

அந்த நாட்கள் நல்ல நாட்கள். ஆரணி சூட்கேசைத் திறந்து உடுப்புகளை அலுமாரியில் அடுக்கினாள். தினமும் ஆவி பறக்கக் குளித்தாள். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, மழை பெய்வதைப் பார்த்துக்கொண்டு என்னோடு கதைத்துக்கொண்டிருந்தாள். நான் சந்தோஷமாக இருந்தேன். பின்னால் ஈர விறகின் புகைக்குள் ஒருத்தி கிடக்கிறாள் என்பது தெரிந்தும் சந்தோஷமாக இருந்தேன்.

கெடுத்தது என் இருமல்தான்.

"அப்பா, உந்த இருமல் எனக்குப் பிடிக்கேல்லை. நாளைக்குத் தெல்லிப்பழைக்குப் போய்க் காட்டுவம். இப்ப நான் கொஞ்சம் கொத்தமல்லி அவிச்சுத் தாறன்" என்று எழும்பினாள். நான் தடுக்கப் போனேன். எழும்பிய வேகத்தில் எனக்கு உண்மையாகவே புரையேறிவிட்டது. அவள் அதைப் பார்த்து இன்னும் அவசரமாகக் குசினிக்குள் போனாள்.

காஸ் அடுப்பு துடைத்து மூடி வைத்தபடி இருந்தது. மத்தியானச் சமையல் நடக்கிற நேரம். அடுப்பில் ஒரு சட்டி இல்லை. தொட்டுப் பார்த்தாள், பச்சைத்தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. நான் தொண்டை கிழிய இருமினேன். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது, குணத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆரணி பின்கதவைத் திறந்தாள்.

தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, குனிந்து, ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தாள் குணம். கண் இரண்டும் சிவந்து நீர் வடிந்தது. போன முறை வெந்த கால் சேற்றுக்குள் இருந்தது. ஆரணி மழையில் நனைந்துகொண்டு போய் அந்த ஊதுகுழலை வாங்கினாள். அவளுடைய விரல்கள் அதை இறுக்கிப் பிடித்தன. சுடுதண்ணீர் நன்றாகத்தான் வேலை செய்திருந்தது.

"தானா வருதெண்டியள்."

"வந்ததுதானே பிள்ளை. நீ நல்லாக் குளிச்சாய்தானே."

"அம்மா, நான் நிக்கிறதுக்காக நீங்கள் இப்பிடிக் கிடந்து சாகிறதே?"

குணம் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "பாடுபடாமல் ஒரு பிள்ளையை வைச்சிருக்க எனக்குத் தெரியாது ஆரணி. எனக்கு ஒருத்தரும் அதைப் பழக்கேல்லை."

"அதுதான் அம்மா. அதாலைதான் நான் நிக்கேலாது."

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருத்திக்கு அடுப்பைத் தொடாமல் இருக்க முடியாது, மற்றவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது, இரண்டு பேருக்கும் இடையில் நான் மடையன் மாதிரி இருமிக்கொண்டு திரிய வேண்டுமா என்று கத்தினேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இருவரும் அழுதுகொண்டிருந்தார்கள். கத்தியதால் ஒன்றும் ஆகவில்லை.

பின்னேரம் வாடகை வான் வந்து ஆரணியையும் சூட்கேசையும் டவுன் ஹோட்டலுக்கு ஏற்றிப்போனது. மீதி நாட்களில் ஆரணி ஆசுபத்திரிக்கு நோயாளி பார்க்க வருகிறவள் போல, பத்து மணிக்கு வந்து நாலு மணிக்குப் போனாள். ஹீற்றருக்கு வேலை இல்லாததால் காஸ் அடுப்பு முழு நெருப்போடு எரிந்தது. குணம் கணவாயும் இறாலும் வைத்துச் சமைத்தாள். ஹோட்டலில் காலைச் சாப்பாடு கனக்க என்று ஆரணி கொஞ்சமாய்த்தான் சாப்பிட்டாள். காலையில் அவள் விரல்கள் எப்படி இருந்தன என்று நாங்கள் கேட்கவில்லை. குணத்தின் கால் எப்படி என்று அவளும் கேட்கவில்லை.

போகிற நாளில் வாசலில் நின்று தாயைக் கட்டிப்பிடித்தாள்.

"அடுத்த முறை நீங்கள் ரெண்டு பேரும் கொழும்புக்கு வாங்கோ. ஒரு ஹோட்டல்லை மூண்டு பேரும் ஒண்டா நிப்பம். சமையல் இல்லை, அடுப்பில்லை, ஒண்டும் இல்லை. சும்மா இருந்து கதைப்பம். என்ன, வாறியள்தானே?"

"ஓம் பிள்ளை, வாறம்" என்றாள் குணம்.

வான் ஒழுங்கையால் திரும்பும்வரை கை காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு படலையைச் சாத்தினாள்.

"கொழும்புக்குப் போவமே?" என்று கேட்டேன்.

"போய்?" என்றாள். "அங்கை அவளுக்கு நான் என்னத்துக்கு?"

சும்மா இருந்து கதைக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இவளும் மகளும் சும்மா இருந்து கதைத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இவள் ஏதாவது அவித்துக்கொண்டிருப்பாள், அவள் பக்கத்தில் நின்று கதைப்பாள். அதைத் தவிர வேறு விதமாக இருக்க இரண்டு பேருக்கும் தெரியாது. நாங்கள் கொழும்புக்குப் போகப்போவதில்லை. ஆரணி இனி இந்த வீட்டில் படுக்கவும் மாட்டாள்.