புரூயிட் துரையின் அறுபது கோட்டுகள்

ஓடிப்போன அடிமையைக் கேட்டு வாங்க வந்த புரூயிட் துரை, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி பட்டுத்துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வடக்குப் படையின் கோட்டை வாசலில் குதிரையிலிருந்து இறங்கினார். வர்ஜீனியாவின் ஆகஸ்ட் வெயிலில் அந்தப் பட்டு ஏற்கெனவே நனைந்திருந்தது.

உள்ளேயிருந்து பார்த்த கெசியாவுக்கு, அவர் தேடி வந்தவளுக்கு, சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. திரும்பிப் போனால் சவுக்கடியோடு விடமாட்டார். அவளை ஜார்ஜியாவின் அடிமைத் தரகனுக்கு விற்கப் பேசி முடித்தாயிற்று. அதனால்தான் இடுப்பளவுச் சேற்றில் நடந்து வடக்குப் படையிடம் வந்து சேர்ந்திருந்தாள்.

வடக்குப் படையின் நியாயம் இருக்கிறதே, அடடா! தெற்கிலிருந்து எதிர்த்துப் போரிடும் கலகப் படைக்கு உழைத்த அடிமை என்றால் துப்பாக்கி, பீரங்கி மாதிரி பறிமுதல் செய்து வைத்துக்கொள்ளலாம். வெறும் வீட்டு வேலைக்காரி என்றால் உரியவரிடம் கொடுத்துவிடலாம். அவள் மனுஷி என்பது மட்டும் யாருக்கும் தேவைப்படவில்லை.

“கலகக்காரங்க கோட்டுக்கெல்லாம் நான்தான் சாயம் போட்டேன்னு இவ சொல்றா” என்றார் கோட்டையில் விசாரிக்க உட்கார்ந்திருந்த லெப்டினன்ட் விட்காம்.

“கோட்டா? எந்தக் கோட்டு?” துரை நெஞ்சில் கை வைத்தார். “நான் அரசாங்கத்துக்கு விசுவாசமானவன் சார். இவ அடுப்படியைத் தாண்டினதே இல்ல.”

சத்தியமும் செய்தார். புண்ணியவான், கூசாமல் செய்தார். லெப்டினன்ட்டுக்கோ சாப்பாட்டு நேரம். “சரி, கூட்டிட்டுப் போங்க” என்று எழுந்தேவிட்டார்.

கெசியாவைப் பிடிக்கத் துரை கை நீட்டினார். ஆனால் இருபது வருஷமாக இந்த ஆளுக்குச் சோறு போட்டவள் அவள். தன்னைத் திருடன் என்றால்கூடத் துரை பொறுத்துக்கொள்வார். தன் பண்ணைச் சரக்கு மட்டம் என்றால் மட்டும் தாங்கமாட்டார்.

“போறேங்கய்யா” என்றாள் லெப்டினன்ட்டிடம். “அந்தக் கோட்டுங்களைப் பத்தி அவரு வெக்கப்படறது நியாயந்தான். வால்நட் தோல் போதாம தண்ணியா சாயம் காய்ச்ச வச்சாரு. மொத மழையிலயே கரைஞ்சு, கால்சட்டை மேலெல்லாம் ஒழுகிடுச்சாம். பட்டாளமே கைகொட்டிச் சிரிச்சுதாம்.”

“யாருடி சிரிச்சது?” துரையின் முகம் சிவந்தது.

“எல்லாருந்தான். புரூயிட் பண்ணைத் துணி அடுப்புத் துடைக்கத்தான் லாயக்குன்னு கேப்டனே சொன்னாராம்.”

“பொய்! அறுபது கோட்டு! ஒரு சொட்டு ஒழுகல! கேப்டன் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு! தலைநகரு ரிச்மண்ட் வரைக்கும் இந்த மாதிரி...”

தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

லெப்டினன்ட் பெருமூச்சுவிட்டு மறுபடி உட்கார்ந்து படிவத்தில் எழுதினார். பாவம், சோறு ஆறிப்போகுமே! துரையைச் சிப்பாய்கள் வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். போகிற போக்கிலும் “ஒழுகவே இல்ல!” என்று கத்தினார்.

“இனி உனக்குப் பயமில்ல” என்றார் லெப்டினன்ட், தானே காப்பாற்றியதுபோல.

“என்னங்கய்யா எழுதினீங்க?”

“பறிமுதல் பொருள். பெண். ஒன்று. சாயம் போட உதவியது.”

“உதவியதா!” அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அந்த மனுசன் என்னை மாட்டோட மாடா வச்சிருந்தான். ஆனா மாட்டுக்கே அங்க பேரு உண்டுங்கய்யா. கெசியா. எழுதுங்க.”

“பேருக்குப் படிவத்துல இடமில்ல.”

“சாயத்துக்கு மட்டும் இருந்துச்சா?”

அவர் முறைத்தார். அவள் நகரவில்லை. கடைசியில் படிவத்தின் ஓரத்தில் அவள் பேரை எழுதினார். எழுத்து தெரியாத கெசியா குனிந்து, மை காயும்வரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.