எழுத்தால் வரைந்த சேவல்

கயத்தாறு லாரி நிறுத்தத்துக் கடையில் வாங்கிய ஒரு தீப்பெட்டியை முதலாளி தங்கசாமி அண்ணாச்சி என் மேசைமேல் போட்டார். வேட்டியெல்லாம் கரிசல் தூசி. பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே தீப்பெட்டி ஆபீசுக்கு வந்திருந்தார்.

“இது உம்ம சேவல்தானவே?”

என் சேவல்தான். ஆனால் பெட்டியில் இருந்தது வேறு கம்பெனியின் பெயர்.

அப்போதெல்லாம் லேபிள் என்றால் நடுவில் ஒரு படம், மேலே ஒரு பெயர். ஜனங்கள் படத்தைச் சொல்லித்தான் கடையில் கேட்பார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. நான் படத்தை எடுத்துவிட்டு, ‘சேவல்’ என்ற எழுத்துகளையே சேவலாக்கியிருந்தேன். முதல் கொம்பின் சுழி, தலையும் கழுத்தும். சகரமும் வகரமும் உடம்பு. லகரத்தின் கடைசிக் கோட்டை மேலே இழுத்து வாலாக விரித்தேன். அதன் புள்ளியை விடிவெள்ளியாக வைத்தேன். தலையில் சிவப்பாக ஒரு கொண்டை. படிக்கத் தெரிந்தவன் பெயரைப் படிப்பான், தெரியாதவன் சேவலைப் பார்ப்பான். அதை வரைந்து முடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். சொல்லிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

“நம்ம பெட்டி இன்னும் கடைக்கே போகல. அதுக்குள்ள அவன் எப்படிப் போட்டான்?” என்றார் அண்ணாச்சி. “இதப் பாத்தது நான், நீரு, சிவகாசிக்குக் கொண்டுபோன ஜமாலு. பிரஸ்காரன் எனக்குச் சம்பந்தி. அவன் செய்யமாட்டான்.”

“நான் செய்யலைங்க அண்ணாச்சி.”

“செஞ்சேன்னு எவன் சொல்லுவான்? உமக்கு இங்கன ஆரு இருக்கா? உம்ம ஊரு நாகப்பட்டினத்துக்கு மூட்டையக் கட்டினீருன்னா, ஆரு தேடப் போறா? வெள்ளிக்கெழமைக்குள்ள ஆருன்னு தெரியணும். இல்லன்னா உம்ம வழியப் பாத்துக்கிடும்.”

வேலை போவதுகூடப் பெரிதில்லை. லேபிளை விற்றவன் என்று பெயர் வந்துவிட்டால், கோவில்பட்டியிலிருந்து சிவகாசி வரை எவனும் என் கையில் பிரஷ் கொடுக்க மாட்டான். எனக்கு வேறு தொழில் தெரியாது.

மத்தியானம் பெட்டி ஒட்டும் கொட்டகை வழியாகப் போனேன். பேச்சு சட்டென்று நின்றது. சுடலையம்மாள் மட்டும் பசைக் கையை உதறிக்கொண்டு கேட்டாள்.

“என்னண்ணே, சேவலு பறந்து போச்சாமே?”

“தானாவா பறக்கும்?” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “கூட்ட ஆராச்சும் தெறந்து விட்டாத்தான?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கொண்டை தலையில் ஒட்டாமல், தீப்பொறி மாதிரி அந்தரத்தில் நின்றது. நான் அப்படி வரையவில்லை. சிவகாசியிலிருந்து வந்த முதல் சோதனைத் தாளில்தான், அதிலிருந்த அத்தனை லேபிளிலும், சிவப்பு மை விலகி அப்படி விழுந்திருந்தது. ஜமால் முகம்மது பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னிடம் காட்டினார். திருத்தச் சொல்லி அவர் கையிலேயே கொடுத்தேன். அடுத்து வந்த தாள்களில் கொண்டை சரியாக உட்கார்ந்திருந்தது. திருடியவன் தப்பையும் சேர்த்து வரைந்திருக்கிறான். அப்படியானால் அந்த முதல் தாள் அவனிடம் போயிருக்கிறது. கடைசியாக அதை வைத்திருந்தவர் ஜமால்.

அவர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருந்தார். பெட்டியை முன்னால் வைத்தேன். பார்த்தார். டீயை ஆற்றினார்.

“ஓகோ. மொதலாளி உம்ம மேல சந்தேகப்படுதாரு. நீரு என் மேல சந்தேகப்படுதீரு. நான் ஆரப் பிடிக்க? பஸ் கண்டக்டரையா?”

“தாள் எங்கே பாய்?”

“அன்னைக்கே மொதலாளி வாங்கிட்டுப் போயிட்டாருவே. பிரஸ்ஸுல நான் வாயாலதான் சொன்னேன், கொண்டைய எறக்குன்னு.”

நான் நம்பவில்லை. அது அவருக்குத் தெரிந்தது.

“வாரும். அவரு முன்னாலயே கேப்போம்.”

போகிற வழியெல்லாம் நான் அவருக்குப் பின்னாலேயே நடந்தேன். அவர் நாலு தடவை திரும்பிப் பார்த்தார். நான் ஓடிவிடுவேன் என்று அவரும் நினைத்திருக்கலாம்.

அண்ணாச்சி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“ஆமா, நாந்தான் வாங்கினேன்,” என்றார். “மொதத் தாளு சாமிக்குத்தான். எங்க அப்பா காலத்துலருந்து அப்படித்தான் செய்யுதோம். கழுகுமலை போற வழியில சின்னதா ஒரு முருகன் கோயிலு இருக்குல்லா, அங்கன கிருத்திகைக்குக் கொண்டுபோய்ச் சாமி காலடியில வச்சேன்.”

“அப்புறம் தாளை எடுத்துட்டு வந்தீங்களா?”

“சாமிக்கு வச்சதத் திரும்பக் கேப்பாவளாவே? பூசாரிக்கு அந்தச் சேவல ரொம்பப் பிடிச்சுப் போச்சு. முருகனுக்குக் கொடி வந்துருச்சுன்னு சொல்லி, தாள லேபிள் லேபிளாக் கிழிச்சு, அதுலயே துன்னூறு மடிச்சுக் குடுத்தாரு.”

“யாருக்கு?”

“வந்தவிய எல்லாத்துக்குந்தான்.”

ஜமால் மெதுவாகக் கேட்டார். “மொதலாளி, இந்தக் கம்பெனிக்காரரு கிருத்திகைக்கு வருவாரோ?”

அண்ணாச்சி மெல்லுவதை நிறுத்தினார். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

“எனக்குப் பக்கத்துலதான் நின்னாரு.”

நான் மேசை மேல் கொண்டுவந்து வைத்திருந்த பெட்டியை எடுத்து, ஒரு குச்சியை உரசினார். நன்றாகவே பற்றியது. அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்திருக்க வேண்டும்.

“சாமி சன்னதியில எவனும் அப்படி நெனைப்பானா? துன்னூறப் பூசாம தாளையா பாத்துக்கிட்டு நிப்பான்? நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்தியளோ என்னவோ.”

“பேசி வைக்க இவரு என்னைய நம்பணும்லா,” என்றார் ஜமால்.

வெள்ளிக்கிழமையைப் பற்றி அண்ணாச்சி பிறகு எதுவும் சொல்லவில்லை. நானே கேட்டேன்.

“கொட்டகையில இருக்கவங்ககிட்ட நான் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க அண்ணாச்சி.”

“அதெல்லாம் எதுக்கு? இனி நம்ம சேவலப் போட்டா, நாமதான் காப்பியடிச்சோம்னு சொல்லுவான். யானைன்னு புதுசா ஒண்ணு வரையும். உம்ம ரூம்புல வேண்டாம். இங்கன, என் கண்ணு முன்னால வரையும்.”

மறுநாள் காலையில் என் மேசை அவர் அறைக்கு வந்துவிட்டது. யானைக்குத் துதிக்கை எந்த எழுத்திலிருந்து இறங்கும் என்று எனக்கு வழியிலேயே பிடிபட்டிருந்தது. பென்சிலால் முதல் கோட்டை இழுத்தேன். நாற்காலி கிறீச்சிட்டது. வெற்றிலை வாசனை தோளுக்கு அருகில் வந்தது.

“துதிக்கை எங்கனவே வருது?”

முழங்கையைத் தாளின் குறுக்கே வைத்துக்கொண்டேன்.

“வர வேண்டிய இடத்துல வரும் அண்ணாச்சி.”

“எனக்குமா மறைக்கீரு?”

“அடுத்த கிருத்திகை போகட்டும்ங்க. காட்டுறேன்.”

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார். எட்டிப் பார்ப்பதை மட்டும் விடவில்லை.