வெளிச்சமான தெருவுக்கு மூன்று விளக்கு

வவுச்சருக்குச் சில்லறை கிடையாது என்று கிளிஃப் ஸ்கெல்டன் கல்லாவுக்குப் பின்னால் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தான். ஹல் நகரத்தில் சைக்கிள் கடை வைத்துத் தலை நரைத்தவனுக்கு அந்த ஒரு வரிதான் இப்போது சோறு போட்டது. சைக்கிளில் வேலைக்கு வருகிறவர்களுக்குக் கம்பெனிகள் முதலில் ஒரு வவுச்சர் கொடுத்துவிட்டு, வரி பிடிக்கும் முன்பே சம்பளத்தில் மாதாமாதம் கழித்துக்கொள்கின்றன. சைக்கிள்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஹெல்மெட், பூட்டு, மழைக்கோட்டு எதுவும் ஆகும். நடுவில் இருக்கும் ஏஜென்சிக்காரன் கல்யாணத் தரகன் மாதிரி கிளிஃபிடம் கமிஷன் பிடுங்கிக்கொள்வான். அந்தக் காந்தலை ஆற்றுவது வவுச்சரின் வால் பகுதி. மிச்சத்தை விட்டுப்போக மனசு வராமல் மணி, பம்பு, தண்ணீர்க் குப்பி என்று ஆட்கள் அள்ளுவார்கள். அந்தச் சில்லறைச் சரக்கில்தான் லாபம்.

நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை, மூன்றரை மணிக்கே வெளிச்சம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது மால்கம் பிளென்கின் உள்ளே வந்தான். கிளிஃபோடு ஒரே பெஞ்சில் படித்தவன். கேரவன் வண்டி செய்யும் ஃபாக்டரியில் மரம் அறுக்கும் ரம்பத்தில் வேலை. கோடையில் காரை விற்றுவிட்டு, கொட்டகையில் கிடந்த பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்திருந்தான்.

"யோவ் கிளிஃப், இருக்கிறதுலயே பெரிய லைட்டு எது?"

"நீ ரோட்டைப் பாக்கவா, ரோடு உன்னைப் பாக்கவா?"

"ரோட்டைப் பாக்க."

"உங்க வீட்டுலேர்ந்து ஃபாக்டரி வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் விளக்கு எரியுது. நடுவுல எங்கயாச்சும் முயல் பிடிக்கப் போறியா?"

மால்கம் சிரித்தான். "ஆமா, கிறிஸ்துமஸுக்கு. கேன்டீன்ல என் போட்டோவை மாட்டியிருக்கானுங்க, தெரியுமா? காரை விட்டுட்டு சைக்கிளுக்கு மாறின நம்ம நாயகன்னு கீழ எழுத்து வேற. அவனவன் அதுக்கு மீசை வரைஞ்சிட்டுப் போறான்."

கிளிஃப் அலமாரியிலிருந்து ஒரு விளக்கை எடுத்து நீட்டினான். பக்கவாட்டில் நின்று நீட்டினான். மால்கம் வாங்கவில்லை. நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றான். விளக்கு முழங்கையில் இடித்த பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினான். திரும்பிய வேகத்தில் கால் பட்டு, பஞ்சர் ஒட்டும் பெட்டிகள் அடுக்கியிருந்த ஸ்டாண்டு சரிந்தது. "கடையில நடக்க இடம் விடுய்யா, கஞ்சப்பயலே," என்றான். ஒரு கப்பல் போகும் அளவுக்கு இடம் இருந்தது.

வெளிச்சத்தைக் காட்ட கிளிஃப் அவனைப் பின்னறைக்குக் கூப்பிட்டான். ஜன்னல் இல்லாத அறை. கடையின் வெளிச்சம் கசிந்து, சாமான்கள் மங்கலாகத் தெரிந்தன. மால்கம் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். ஒரு கை கதவுச் சட்டத்தைப் பற்றியிருந்தது. ஆற்றில் இறங்குகிறவனைப் போல ஒரு காலை முன்னால் விட்டு, தரையைத் தடவி, மறுபடி இழுத்துக்கொண்டான். கிளிஃப் விளக்கைப் போட்டான். காட்டுப் பாதையில் ஓட்டுகிறவர்கள் வாங்கும் விளக்கு, சுவரே வெளிறிப்போனது. கிளிஃபுக்குக் கண் கூசியது.

"இதுக்கு மேல இல்லையா?" என்றான் மால்கம்.

வியாபாரி மனசு என்பது கெட்ட பழக்கம். அறிவு ஒரு பக்கம் அரண்டுபோய் நிற்கும்போதே வாய் பாட்டுக்கு விலை சொல்லிக்கொண்டிருக்கும். ஹேண்டில்பாரில் ரெண்டு போடலாம், ஹெல்மெட்டில் ஒன்று மாட்டலாம், தலை திரும்பும் பக்கமெல்லாம் வெளிச்சம் திரும்பும் என்று கிளிஃப் சொல்லி முடித்துவிட்டான். சொன்ன பிறகுதான் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டான்.

"மால்கம், எத்தனை நாளா இப்படி?"

"எது?"

"கண்ணு."

மால்கம் கடைப்பக்கம் திரும்பி வந்து, கல்லா மேஜையின் விளிம்பைக் கையால் தேடிப் பிடித்துக்கொண்டான். "ரெண்டு வருஷமா. ஓரமெல்லாம் போச்சு. குழாய் வழியா பாக்குற மாதிரி. இருட்டினா அதுவும் இல்ல."

"இதோடவா ரம்பத்துல நிக்கிற?"

"ரம்பம் நடுவுலதானய்யா இருக்கு. நடு நல்லாத் தெரியுது."

"உன் பொண்டாட்டி ஜானிஸுக்குத் தெரியுமா?"

"தொப்பையைக் குறைக்கத்தான் காரை வித்தேன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. பெருமை வேற."

"அவகிட்டயாவது சொல்லிடுய்யா."

"அவகிட்ட சொன்னா அடுத்த நாளே ஃபாக்டரிக்குக் கூட்டிட்டுப் போய் சொல்ல வச்சிடுவா, வேலை போயிடும். அம்பத்தெட்டு வயசுல எனக்கு வேற என்ன தெரியும்? நீ லைட்டு விக்கிறவன். வித்துட்டு வாயை மூடு."

கிளிஃப் விற்றான். மூன்று விளக்கு போக வவுச்சரில் நின்ற மீதிக்கு மால்கம் ஒரு மணியையும் எடுத்துக்கொண்டான். பையைக் கட்டும்போது, தெரிந்தே ஒளி தெறிக்கும் மஞ்சள் சட்டை ஒன்றையும் கிளிஃப் உள்ளே திணித்தான்.

"அது கணக்குல வரலியே?"

"சும்மா வச்சுக்கோ."

மால்கமின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. "நீயே இனாம் குடுக்கிறியா?" என்றான். "அவ்ளோ மோசமாவா இருக்கேன்?"

சாயங்கால ஷிப்ட்டுக்கு அவன் கிளம்பிப் போனான். கிளிஃப் வெளியே வந்து பார்க்கவில்லை. அன்று அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும் தப்புத் தப்பாக எடுத்துக் கொடுத்தான்.

ஆறு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை வழக்கப்படி ஜானிஸ் வேலை செய்யும் முக்கு மீன் வறுவல் கடைக்கு நடந்தான். இன்று வேறு எங்காவது சாப்பிடலாமென்று வழியில் இரண்டு தரம் நின்றான். கால் கேட்கவில்லை. உள்ளே கண்ணாடியெல்லாம் ஆவி. வரிசையில் நாலு பேருக்குப் பின்னால் நின்றவனை ஜானிஸ் பார்த்துவிட்டாள்.

"வா கண்ணு! எங்க ஆளு உன் கடைக்கு வந்தாரா? சம்பளத்துல பிடிக்கிற காசு, நல்ல மழைக்கோட்டா வாங்குங்கன்னு சொல்லி அனுப்பினேன். என்ன தலையில கட்டின?"

"லைட்டு."

"லைட்டு மட்டுமா?"

"மூணு லைட்டு," என்றான் கிளிஃப். ஒன்று என்று சொல்லியிருக்கலாம். வாய்க்குள் ஒன்றுதான் வந்தது. வெளியே வந்தது மூன்று.

"மூணா? படுபாவி, ஒருத்தருக்கு எதுக்கு மூணு? எங்க தெருவுலதான் பகல் மாதிரி…" உருளைக்கிழங்கு வறுவல் மேல் சிவப்பு மசாலாவைத் தட்டிக்கொண்டே நிமிர்ந்தாள். அவன் சிரிக்கவில்லை. அவள் கண் ஆவி படிந்த கண்ணாடிக் கதவைத் தாண்டி, ராத்திரி மால்கம் சைக்கிளில் திரும்பி வரும் தெருவுக்குப் போனது.

"போதும்மா," என்றான் வரிசையின் முதலில் நின்றவன். "எனக்குக் கொஞ்சமா போதும்."

ஜானிஸின் கை நிற்கவில்லை. வறுவல் முழுக்கச் செக்கச் சிவந்து, காகிதத்தைத் தாண்டி, மேஜையெல்லாம் தூள் விழுந்துகொண்டே இருந்தது.