மாரிசாமி சைக்கிளிலிருந்து ஏன் இறங்கினார்

1

வலது முழங்கால் வலிக்கிறது. ஹாலிஎலயிலிருந்து பதுளைக்கு மிதித்துப் போய், பகல் முழுக்க வாஹித் முதலாளியின் கடையில் சீமெந்து மூட்டை தூக்கி, மறுபடி மேடேறி மிதித்து வந்த முழங்கால். இந்தக் கதை அந்த வலியிலிருந்து பிறந்தது என்று தொடங்க நினைத்தேன். அது பொய். இது ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. கேட்டவர் பெரியாயி அண்ணி.

"அவரு ஏன் தம்பி அந்த எடத்துல எறங்குனாரு?"

அவரு என்றால் அண்ணியின் புருஷன் மாரிசாமி. என்னோடு அதே கடையில் மூட்டை தூக்கியவர். செத்து எட்டு மாதம் ஆகிறது.

2

முதல் தொடக்கம்: "பனி போர்த்திய மலைகளுக்கிடையே நெளிந்தோடும்..."

அடித்துவிட்டேன். காலை ஆறு மணிக்கு அந்த மலையில் இருப்பவனுக்குப் பனி என்றால் நனைந்த சட்டை.

இரண்டாவது தொடக்கம் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. டீசல் இல்லாமல் பஸ் நின்ற வருடத்தில் இரண்டு பேரும் பழைய சைக்கிள் வாங்கினோம். பஸ் திரும்பி வந்தது. அதில் ஏறும் காசு திரும்பி வரவில்லை. மெயின் ரோட்டை ஒட்டித் தண்ணிக் குழாய் பதித்து மூடிய இடத்தில் கொங்கிரீட் போட்டு, வெள்ளைக் கோடு இழுத்து, சைக்கிள் படமும் வரைந்து வைத்தார்கள். எங்கள் ஊரை டவுனோடு சேர்க்கும் பாதை. மூன்றடி அகலம். இடப்பக்கம் இடுப்பளவு ஆழத்தில் திறந்த வடிகால் கான், அதில் கறுத்த தண்ணீர். வலப்பக்கம் பஸ், கொள்கலன் வண்டி, மரக்கறி லொறி. ஒரு லொறி கடந்தால் முதுகுச் சட்டை உப்பி அடங்கும். பேச வேண்டுமானால் கத்த வேண்டும்.

(கத்த வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.)

3

மாரிசாமியை நல்லவராக எழுதிப் பார்த்தேன். ஆள் செத்த பிறகும் பொருந்தவில்லை. லொறியில் எந்த மூட்டை ஈரம் பட்டுக் கனக்கிறது என்று கண்ணாலேயே கண்டுபிடித்து அதை என் தலையில் ஏற்றிவிடுவார். பாதையில் எப்போதும் அவர்தான் முன்னால். முந்தினால் அன்றைக்கு வெற்றிலை கிடைக்காது.

ஆனால் ஒரு விஷயத்தை நான் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. அவரே சொன்னது. பத்தொன்பது வயதில் தோட்டத்தில் கடன் வாங்கிய சைக்கிளில் போகும்போது பின்னால் பெரிய தொரையின், அதாவது தோட்ட மேனேஜரின், ஜீப் வந்தது. தொரை வண்டி வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். அது எங்கேயும் எழுதப்படாத சட்டம். இவர் இறங்கவில்லை. மறுநாள் காலைப் பெரட்டில், எல்லாரையும் வேலைக்குப் பிரித்துவிடும் இடத்தில், இவர் பேரை வெட்டினார்கள். ஒரு வாரம் வேலை இல்லை. லயத்தின் ஒற்றை அறையில் அம்மா, தங்கச்சி, இவர், மூன்று பேருக்கும் வெறும் தேயிலைச் சாயம்.

"அப்பறம் எறங்குனேன்டா. நாப்பது வருஷம் எறங்குனேன். மனசு எறங்க வேணாங்கும், காலு எறங்கிடும்."

4

இனி எங்கள் விளையாட்டு. பாதையில் போகும்போது திடீரென்று பின்னாலிருந்து கத்துவேன்.

"அண்ணே! தொரை!"

சீட்டிலிருந்து அவர் இடுப்பு தானாக எழும்பும். பிறகு புத்தி வந்து உட்காரும்.

"ஒன் வாயில கொள்ளிய வைக்க! எந்த தொரடா?"

"சீமெந்து தொர. வாஹித் முதலாளி."

"அவருக்கு எறங்குனா சம்பளத்த கூட்டுவாரா கேளு."

வாரத்தில் இரண்டு தடவையாவது கத்தியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடுப்பு எழும்பியது. ஒவ்வொரு தடவையும் சிரித்தேன்.

5

சம்பவம். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி, தூறல்.

"அன்று பின்னால் வந்த ஜீப் ஒன்று ஹோர்ன் அடிக்க, அதைக் கேட்ட மாரிசாமி..."

இந்த வரியை அழிக்காமல் விட்டிருக்கிறேன். நான் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் பார்க்க. ஜீப் எதுவும் வரவில்லை.

இறங்கினார். அந்தக் காலத்தில் இறங்கிய மாதிரியே முழுதாக இறங்கினார். வழக்கமாக இடப்பக்கம்தான் இறங்குவார். அன்று இடப்பக்கம் கான் நிரம்பி ஓடியது. வலப்பக்கம் கால் வைத்தார். மரக்கறி லொறி. அதன் பிறகு ரோட்டில் முட்டைக்கோவா உருண்டது. எனக்கு நினைவிருப்பது கோவாதான்.

பொலிஸ் புத்தகத்தில் இருப்பது: அவராகவே வீதியில் இறங்கினார். என்னையும் கேட்டார்கள். "பின்னால வந்தேங்க, சரியா பாக்கல" என்றேன். கையெழுத்துப் போட்டேன். எழுதத் தெரிந்தவனின் அழகான கையெழுத்து.

6

லயத்தில் பேச்சு ஒரே மாதிரி. மனுசன் வேணும்னே எறங்கிட்டாரு. முதுகு வலி, வயசு, வீட்டில் சண்டை.

போன மாதம் அண்ணி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தேத்தண்ணி தந்தார். சீனி இல்லை, உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொள்ளச் சின்னக் கருப்பட்டித் துண்டு.

"அன்னைக்கு காலையில ரொட்டிக்கு சம்பல் இல்லனு கத்துனாரு தம்பி. தேங்கா விக்கிற வெலையில சம்பலு! எனக்கு ஆத்தரம். போயித் தொலைங்கன்னு சொல்லிட்டேன்."

நான் கருப்பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்குத்தான் எறங்குனாரா?"

"இல்ல அண்ணி."

"பின்ன ஏன்? நீதான பின்னால வந்த?"

வாய் திறந்தது. "மழைங்க... வழுக்கி இருக்கும்" என்றேன். அண்ணி தலையை ஆட்டினார். நம்பவில்லை. அந்தத் தலையாட்டலோடு எழும்பி வந்தவன்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

7

முடிவுகள். கையில் மூன்று இருக்கின்றன.

அ) அண்ணியிடம் சொல்கிறேன். அவர் அழுது மன்னிக்கிறார். (மன்னிப்பார் என்று யார் சொன்னது? என் வசதிக்கு எழுதியது.)

ஆ) சொல்கிறேன். அவர் கதவைச் சாத்துகிறார். ஆனால் "போயித் தொலைங்க" அவர் நெஞ்சை விட்டு இறங்குகிறது. இதுதான் நியாயம். இதை ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை.

இ) நாளைக்கும் அதே பாதையில் போகிறேன். முன்னால் யாரும் இல்லை. யாரும் இல்லாத பாதையில் ஒரு வார்த்தையும் கத்தாமல் டவுனுக்குப் போய்ச் சேர்கிறேன். "எழுத்தாளரே, மூட்ட தானா நடந்து வருமா?" என்கிறார் வாஹித் முதலாளி. தூக்குகிறேன்.

இதுவரை நடந்துகொண்டிருப்பது இ.

8

கடைசியாக ஒன்று. பெரியாயி அண்ணிக்கு வாசிக்கத் தெரியாது. இதையெல்லாம் இத்தனை தைரியமாக நான் எழுதியதற்குக் காரணம் அதுதான். இப்போது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நீங்கள் போய்ச் சொல்ல முடியாது. ஊரையும் லயத்தையும் நான் சரியாகச் சொல்லவில்லை. அதையும் யோசித்தே செய்தேன்.

ஆகவே முடிவு இல்லை. பாக்கி மட்டும் இருக்கிறது. பெரியாயி அண்ணிக்கு நான் ஒரு வாக்கியம் கடன். "அன்னைக்கு தொரைன்னு கத்துனது நான்தான் அண்ணி." இன்னும் கொடுக்கவில்லை.