பொன்செல்வி சொன்ன முடிவு

திருப்பூரிலிருந்து வந்த பஸ் ராஜபாளையத்தைத் தாண்டியதும் பொன்செல்விக்கு மறுபடியும் குமட்டியது. மடியில் எட்டு மாதப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தியெடுத்தவளுக்கு, வாயைத் துடைக்கும்போதே விஷயம் விளங்கிவிட்டது. இது பஸ் ஆட்டத்தால் வந்த வாந்தி இல்லை.

அவளும் புருஷன் பாண்டிராஜும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வந்திருந்தபோது, ஆபரேஷன் பண்ணித்தான் பிள்ளையை எடுத்தார்கள். அப்போதே நர்ஸ் காப்பர்-டி போட்டுக்கிடுதியாம்மா என்று அவளிடம் கேட்டார். பதில் சொன்னது மாமியார் பேச்சித்தாய்.

"பால் குடுக்கவளுக்கு அதெல்லாம் எதுக்கு?"

வலியில் கிடந்தவள் அதை அப்படியே விட்டுவிட்டாள். திருப்பூருக்குத் திரும்பி, ஐந்தாம் மாதமே வேலைக்குப் போகவேண்டி வந்தது. பகலில் புட்டிப்பால், வீடு வந்தபின் தாய்ப்பால். மாதவிலக்குத்தான் இன்னும் வரவில்லையே என்று தைரியமாக இருந்துவிட்டாள்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்காகப் பிள்ளையோடு மட்டும் ஊருக்கு வந்தவள், மெடிக்கலில் கருப் பரிசோதனை அட்டை வாங்கிப் பார்த்தாள். இரண்டு கோடு விழுந்தது. மறுநாள் பேச்சித்தாயையும் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் அனிட்டா, "ஏழு வாரம் ஆகுதும்மா" என்றார்.

"பால் குடுத்தா நிக்காதுன்னு நினைச்சேன் டாக்டர்."

"முதல் ஆறு மாசம், மாதவிலக்கு வராம, ராத்திரி பகலா தாய்ப்பால் மட்டுமே குடுத்தாத்தான் அதை நம்பலாம். புட்டிப்பால் குடுக்க ஆரம்பிச்சாச்சுன்னா நம்ப முடியாது. இப்ப என்ன செய்யணும்னு நினைக்கீங்க?"

பேச்சித்தாய் தொண்டையைச் செருமினாள். டாக்டர் அவள் பக்கம் திரும்பி, "நான் அவங்களைக் கேக்கேன்" என்றார்.

பொன்செல்வி யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸிலேயே யோசித்து முடித்திருந்தாள்.

"இப்ப வேண்டாம் டாக்டர். கீறுன இடம் இன்னும் குனிஞ்சா சுள்ளுங்குது. இவன் தவழ ஆரம்பிச்சு ரெண்டு வாரந்தான் ஆகுது. கலைச்சிருங்க. கையோட காப்பர்-டியும் போட்டுருங்க. அவரு கையெழுத்துப் போடணுமா?"

"தேவையில்ல. உங்க சம்மதம் போதும்."

வெளியே வந்து அவளே பாண்டிராஜுக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவன், "இருந்துட்டுப் போகட்டுமே செல்வி. ரெண்டும் ஒண்ணா வளந்துரும்லா" என்றான்.

"வளந்துரும். என் ஒடம்பு தாங்கணும்லா. ஒங்ககிட்ட கேக்கலை. சொல்லுதேன்."

அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. அவள் போனை வைக்காமல் நின்றாள்.

"என்னைக்கு வரச் சொல்லியிருக்காவ?" என்றான் கடைசியில்.

"நாளை கழிச்சு."

"லீவு சொல்லிட்டு வாரேன்."

சொன்னபடியே வந்தான். அவள் உள்ளே இருந்த நேரமெல்லாம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்தான். பேச்சித்தாய் பெஞ்சில் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் பொன்செல்வி வெளியே வந்ததும் முதலில் எழுந்து கையைப் பிடித்தது அவள்தான். அன்று முழுக்க வயிறு இழுத்துப் பிடித்தது. பொன்செல்வி படுத்தே கிடந்தாள். குமட்டல் மெல்ல மெல்லக் குறைந்து, வார முடிவில் கருவாட்டுக் குழம்பு ஊற்றி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

திருப்பூருக்குத் திரும்பியபின் டாக்டர் சொன்ன தேதிக்குத் தனியாகவே அங்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். இரண்டாவது எப்போது என்று யாராவது கேட்டால், "இவன் பால்வாடிக்குப் போகட்டும். பெறவு பாப்போம்" என்பாள். பாண்டிராஜ் பக்கத்தில் இருந்தால் அவனும் அதையே சொல்வான்.